டெக்கர் வீட்டுச் சமையலறை ஜன்னல்

தான் பிறந்த வீட்டுக்குள் வில்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைந்தபோது, அந்த வீட்டு அடுப்பில் நான் பூசணிக்காய் வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் காரின். பல் மருத்துவரிடம் உதவியாளராக முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவள். அதன்பிறகு சனிக்கிழமைதோறும் கணுக்கால்வரை தொங்கும் பாவாடையும் தலையில் வெள்ளைத் துணித் தொப்பியுமாக, பெவியர் கார்னர்ஸ் என்ற ஊரில் இருக்கும் டெக்கர் பண்ணை வீட்டில் சமைக்கிறேன். சம்பளம் கிடையாது. ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே இந்தப் பக்கத்தில் வயதான பெண்களுக்கு இரண்டே பொழுதுபோக்கு: ஒன்று தேவாலயத்தில் கேக் சுடுவது, இல்லையென்றால் இப்படி வேஷம் கட்டுவது. எனக்குக் கேக் சரியாக வராது.

டெக்கர் வீடு இங்கிலாந்து ராஜா நம்மை ஆண்ட காலத்தில் கட்டிய கல் வீடு. சுவர் இரண்டடி கனம். கட்டிய குடும்பமே தலைமுறை தலைமுறையாக அதில் மாடு வைத்துப் பிழைத்து, கடைசியில் வில்மாவின் தம்பி ஹார்லன் காலத்தில் பால் கட்டுப்படியாகாமல் ஊர் மரபுச் சங்கத்துக்கு விற்றுவிட்டது. சங்கம் வீட்டை 1765-க்குத் திருப்பிக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு வந்த எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. மின்சாரக் கம்பி, குழாய், தரை விரிப்பு, வால்பேப்பர் எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்தார்கள். செய்தது நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.

வில்மா அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தே பல வருடம் ஆகியிருந்தது. வீடு போனதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. பத்தொன்பது வயதில் ரொட்டி வேன் ஓட்டும் கஸ் என்பவனைக் கட்டிக்கொண்டு கிங்ஸ்டன் நகரத்துக்குப் போனவள், அங்கே நாற்பது வருடம் அழகு நிலையம் நடத்தினாள். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருடைய தலை அவள் கையில் இருந்தது. தலை மட்டுமா, ரகசியமும்தான். பண்ணையைப் பற்றி யாராவது ஏக்கமாகப் பேச ஆரம்பித்தால், குளிர்காலத்தில் விடியுமுன் எழுந்து பால் கறந்திருந்தால் இப்படிப் பேசமாட்டாய் என்று கத்தரிக்கோலைக் காட்டிச் சொல்வாளாம்.

அன்று அவள் வந்ததற்குக் காரணம் டோனட். இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் நாங்கள் ஆப்பிள் சாறு விட்டுப் பிசைந்த டோனட்டைச் சுடச்சுடப் பொரித்துக் கொடுப்போம். கஸ்ஸுக்கு அதில் உயிர். மருத்துவர் கூடாது என்று சொன்ன பிறகு உயிர் இன்னும் அதிகமாகிவிட்டது. அவன் நச்சரிப்புத் தாங்காமல் அவளும் கிளம்பி வந்திருக்கிறாள். வந்தது வந்தோம், உள்ளேயும் பார்த்துவிடுவோமே என்று டிக்கெட் எடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் மாடியில் இருக்கும்போதே அவள் குரல் எனக்குக் கேட்டுவிட்டது. அழகு நிலையத்தில் முடி உலர்த்தும் இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பழகிய குரல். தன் படுக்கையறையில் ராட்டை வைத்திருப்பதைப் பார்த்து, இந்த வீட்டில் ஒருத்திகூட ராட்டையைத் தொட்டதில்லை, இந்த மூலையில் என் ரெக்கார்ட் பிளேயர் இருந்தது என்று அங்கிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பின்பக்கம் போனார்கள். அங்கே சங்கம் புதிதாகக் கட்டிய பழங்காலக் கழிப்பறை இருக்கிறது, மரப்பலகையில் துளை போட்டது. அதற்கு முன்னால் நின்று ஆட்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குள் குளியலறை வந்த அன்று, பழைய கழிப்பறையை அவள் அப்பா மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாராம். அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு பீர் கொடுத்தாராம். ஊரே கைதட்டியதாம். அதையும் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

சமையலறைக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. கிழக்குச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"ஜன்னல் எங்க?" என்றாள்.

நான் மனப்பாடமாகச் சொன்னேன். "அந்தக் காலத்துல இந்தச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாதுங்க. அடுப்பு வெளிச்சமும் கதவு வழியா வர்ற வெளிச்சமும்தான்."

"அந்தக் காலத்த விடு கண்ணு. நான் இங்க பாத்திரம் தேய்ச்ச காலத்துல இருந்துச்சு." சுவரருகே போய்த் தன் இடுப்பு உயரத்தில் கையை வைத்துக் காட்டினாள். "இங்கேருந்து இவ்ளோ உயரம். எங்கம்மாவோட ஜன்னல்."

கஸ் வெளியே போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, வெளியிலிருந்து பார்த்தாலும் இல்லை என்றான், ஏதோ உள்ளே தொலைந்தது வெளியே கிடைக்கும் என்று நினைத்தவன்போல.

அங்கே சுற்றிப் பார்க்க வந்திருந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டு அவளைச் சுற்றி நின்றார்கள். வில்மாவுக்குக் கேட்க ஆள் கிடைத்தால் போதும்.

அவள் அம்மா அடலின் நகரத்துப் பெண். நான்கு பக்கமும் ஜன்னல் வைத்த செங்கல் வீட்டிலிருந்து இந்தக் கல் குகைக்கு வந்தவள். சமையலறையில் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு மேலே ஒரு ஜன்னல் வேண்டும் என்று கணவன் கொர்னேலியஸிடம் கேட்டாள். என் கொள்ளுத்தாத்தாவுக்கே இல்லாத ஜன்னல் உனக்கு எதற்கு என்றார் அவர். இரண்டடிக் கல்லை உடைத்தால் வீடே உட்கார்ந்துவிடும் என்றும் சொன்னார். வருடாவருடம் அவள் கேட்பதும் அவர் இதையே சொல்வதுமாகப் போனது.

ஒரு நாள் அவர் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தபோது, அடலின் கொட்டகையிலிருந்து கடப்பாரையை எடுத்துவந்தாள். அப்போது வில்மாவுக்கு ஏழு வயது. அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். சாயங்காலம் அப்பா வந்தபோது சுவரில் ஓட்டை. ஓட்டைக்கு முன்னால் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளாக அம்மா.

"அப்பா என்ன செஞ்சாரு?" என்று கேட்டாள் வந்திருந்தவர்களில் ஒரு பெண்.

"ரொம்ப நேரம் நின்னு பாத்தாரு. அப்புறம் ஓட்டைக்குள்ள தலைய விட்டு வெளிய பாத்தாரு. 'ரோடு தெரியுதே' அப்படின்னாரு. அவ்ளோதான். மூணு வாரம் அம்மாகிட்ட பேசல. அப்புறம் அவரே போயி ஓக் மரத்துல நிலை செஞ்சு கொண்டாந்து பொருத்தினாரு."

அந்த ஜன்னலில் நின்றுதான் வில்மா பாத்திரம் தேய்த்து வளர்ந்தாள். அந்த ஜன்னல் வழியாகத்தான் ஒரு நாள் புது ரொட்டி வேன் வருவதைப் பார்த்தாள். வேன்காரனும் பார்த்தான். டெக்கர் வீட்டில் ரொட்டி வாங்கும் வழக்கமே இல்லை, அடலினே சுட்டுவிடுவாள். ஆனாலும் வேன் தினமும் அந்த வளைவில் மெதுவாகப் போக ஆரம்பித்தது. இந்த இடத்தில் வந்திருந்தவர்கள் எல்லாரும் கஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் வாய் நிறைய டோனட்டோடு தலையை ஆட்டினான்.

பூசணிக்காய் அடிப்பிடித்துவிட்டது. நான் கவனிக்கவில்லை.

அடுத்த வாரமே அவள் எங்கள் நிர்வாகி நோயலைப் பார்க்க வந்தாள். நோயல் விட்டேக்கர் முப்பத்தைந்தைத் தாண்டாதவர். வரலாறு படித்தவர், மென்மையானவர், ஈயைக்கூடக் கும்பிட்டுத்தான் விரட்டுவார். அவளை உட்காரவைத்துக் காபி கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார். நானும் உடன் இருந்தேன். பிறகு அவர் சொன்ன பதிலை வில்மா எதிர்பார்க்கவில்லை, நானும்தான்.

இந்தச் சமையலறையில் முதலில் வேலை செய்தது டெக்கர் வீட்டுப் பெண்கள் இல்லை என்றார் அவர். பெட் என்று ஒரு கறுப்பினப் பெண். டெக்கர்களுக்கு அடிமையாக இருந்தவள். இருட்டிலும் புகையிலும் வாழ்நாள் முழுக்க இந்த அடுப்பில் சமைத்துவிட்டு, மேலே பரணில் படுத்தவள். அவளைப் பற்றி அந்தப் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவள் இருந்த இடம் எப்படி இருந்ததோ அப்படியே ஆட்கள் பார்க்கட்டும் என்றுதான் ஜன்னலை அடைத்தோம் என்றார்.

அந்தப் பரணில் வில்மா வீட்டார் வெங்காயம் காயப்போடுவார்களாம். பெட் என்ற பெயரை வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றாள்.

"நீங்க சொல்றது சரிதான் கண்ணு," என்றாள் கடைசியில். "ஆனா ஒண்ணு. எங்கம்மாவ விட அந்தப் பொண்ணுக்குத்தான் ஜன்னல் அதிகமா தேவைப்பட்டிருக்கும்."

நோயல் ஆமாம் என்று தலையாட்டினார். ஆனால் முடிவு மாறவில்லை. சங்கத்தின் கூட்டம் தீர்மானித்தது, நன்கொடை தந்தவர்களுக்குச் சொல்லியாயிற்று, 1765 என்றால் 1765தான்.

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டு போயிருப்பார்கள். வில்மா அடுத்த சனிக்கிழமை தொண்டராகச் சேர்ந்துவிட்டாள். ஆள் பற்றாக்குறையில் நோயல் மறுக்க முடியவில்லை. நீளப் பாவாடை, மேல்சட்டை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டாள். உதட்டுச் சாயத்தை மட்டும் விடமாட்டேன் என்றாள். இளஞ்சிவப்பு. அதற்காக நோயல் இரண்டு தடவை மென்மையாகவும் ஒரு தடவை கொஞ்சம் குறைந்த மென்மையாகவும் சொல்லிப் பார்த்தார். இது சாயம் இல்லை, என் உதடே இந்த நிறம்தான் என்று சாதித்துவிட்டாள்.

எனக்கு நல்ல துணை. வெண்ணெய் கடையச் சொன்னால் கடைவாள். ஆனால் பார்க்க வந்தவர்கள் ஆசையாக இருக்கிறது, நாங்களும் கடைகிறோம் என்றால், கடைந்து பாருங்கள், தோள்பட்டை சொல்லும் என்று மத்தைக் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். பெட்டைப் பற்றி நோயல் சொன்னதைத் தவறாமல் சொல்வாள், குரலைத் தாழ்த்திச் சொல்வாள். அதை முடித்துவிட்டு அம்மாவின் கடப்பாரைக்கு வருவாள். ஆட்கள் போகும்போது வெறும் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் இல்லாத ஜன்னலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் நோயல் காதுக்குப் போகாமல் இருக்குமா? பார்வையாளர்கள் குழம்பிவிடுகிறார்கள், ஜன்னல் கதையை நிறுத்திவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சரி என்றாள். ஆனால் யாராவது கேட்டால் பொய் சொல்லமாட்டேன் என்றாள். அன்று மதியமே வாசலில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்த கஸ், உள்ளே போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, ஜன்னலைப் பற்றி மறக்காமல் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான்.

அந்தக் குளிர்காலம் மோசமானது. பனி உருகுவதும் மறுபடி உறைவதுமாக ரோடுகளே வெடித்தன. பண்ணை பனிக்காலத்தில் மூடியிருக்கும். ஏப்ரல் பிறந்ததும் கூட்டிப் பெருக்கித் தயார் செய்ய நான்தான் முதலில் போய்ச் சமையலறைக் கதவைத் திறந்தேன். தரையில் ஒரு துண்டு வெயில் கிடந்தது. அந்தத் தரையில் நான் அதற்கு முன் வெயிலைப் பார்த்ததே இல்லை.

கிழக்குச் சுவரில் கல் சரிந்து கிடந்தது. பழைய சுவரும் பிற்பாடு அடைத்த கல்லும் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. நடுவில் தண்ணீர் இறங்கி, உறைந்து, ஜன்னலை அடைத்த கல்லை மட்டும் பல் பிடுங்குவதுபோல நெம்பித் தள்ளியிருந்தது. எனக்குப் பற்களைப் பற்றித் தெரியும். சுத்தமான பிடுங்கல். அக்கம்பக்கத்துக் கல் ஒன்றுகூட அசையவில்லை.

நோயல் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார். கொத்தனார் வந்து பார்த்தார். மிச்சம் இருப்பதையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் யார் தலையிலாவது விழும் என்றார். எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அடலினின் ஜன்னல் அளவுக்கு ஒரு சதுரம் நின்றது. கொர்னேலியஸ் செய்த ஓக் நிலை அப்படியே இருந்தது. அடைத்தவர்கள் அதை எடுக்காமல் முன்னால் கல்லை வைத்து மறைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து குளிரில் பிடிக்காது, மே மாதம் வந்து மறுபடி அடைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் போனார்.

நான் தொலைபேசியில் சொன்னேன். அரை மணி நேரத்தில் வில்மா வந்துவிட்டாள். சுவரருகே போய், பாத்திரம் தேய்க்கும் தொட்டி இருந்த இடத்தில் சும்மா நின்றாள். வெளியே ரோட்டில் கஸ் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, வளைவில் மெதுவாகப் போனான். ஹாரன் அடித்தான். எழுபத்தைந்து வயது ஆள். அவள் கையைக்கூட ஆட்டவில்லை.

"கெழத்துக்குக் கொழுப்பப் பாரு," என்றாள் என்னிடம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மழை உள்ளே வரக்கூடாதே என்று பிளாஸ்டிக் விரிப்பு கட்டலாம் என்றார் நோயல். வில்மா, என் தம்பியிடம் கேட்கிறேன் என்றாள். வீட்டை விற்றபோது ஹார்லன் அந்த ஜன்னல் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு போயிருந்தான். பாசத்தில் ஒன்றும் இல்லை. தோட்டத்தில் கீரைப் பாத்தியின்மேல் குளிருக்கு மூடியாகப் போட்டிருந்தான்.

"என் கீரைக்கு யார் பதில் சொல்றது?" என்றானாம்.

"கீரைய நான் வாங்கித் தரேன். அம்மா ஜன்னல எடு," என்று அக்கா சொல்ல, முனகிக்கொண்டே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். பொருத்தும்போது எனக்கென்ன என்று வாசலில் நின்றவன், முடிந்ததும் உள்ளே வந்து நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு, அப்பா வேலை சுத்தம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

தற்காலிகம் என்றுதான் பேச்சு. மே வந்தது. கொத்தனார் வேறொரு வேலையில் இருந்தார். ஜூன் மாதம் ஒரு காலை, கதவு திறக்குமுன் நோயல் சமையலறைக்கு வந்தார். நானும் வில்மாவும் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருந்தோம். சூரியன் நேராக உள்ளே விழுந்திருந்தது. அவர் எதையோ பார்த்துவிட்டு அப்படியே குனிந்தார்.

அடுப்புக்கு முன்னால் கல் தரையில் ஒரு பள்ளம். ஆழம் இல்லை, உள்ளங்கையால் தடவினால்தான் தெரியும். ஒருவர் நிற்கும் அளவு. டெக்கர் குடும்பம் அங்கே இருந்தவரை அதன்மேல் விரிப்பு கிடந்தது. விரிப்பை எடுத்த பிறகு இருட்டு. பக்கவாட்டில் வெயில் விழுந்ததால்தான் அதன் விளிம்பு நிழலாகத் தெரிந்தது. வருடக்கணக்காக நான் அதன்மேல்தான் நின்று சமைத்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"இது பெட் நின்ன எடம்," என்றார் நோயல்.

"அவளும் நின்னிருப்பா. அப்புறம் வந்தவங்களும் நின்னிருப்பாங்க. ஆனா மொதல்ல தேய்ச்சது அவதான்," என்றாள் வில்மா. காலணியைக் கழற்றிவிட்டு அதை ஒட்டிக் கொஞ்ச நேரம் நின்றாள். பள்ளத்தில் கால் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு நோயல் கொத்தனாரைப் பற்றிப் பேசவே இல்லை. சங்கக் கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு, சுவர் இன்னும் காயவில்லை என்றாராம். போன வருடமும் கேட்டார்கள், காயவில்லை. இந்த வருடம் யாரும் கேட்கவில்லை. இப்போது வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் அந்தப் பள்ளத்தைக் காட்டி பெட்டைப் பற்றிச் சொல்கிறோம். அப்போது ஜன்னலுக்கு உள்பக்கம் புதிதாக மாட்டிய மரப் பலகையைச் சாத்திவைப்போம், இருட்டு எப்படி இருந்தது என்று தெரியட்டும். பிறகு வில்மா பலகையைத் திறந்துவிட்டு அடலினின் கதைக்கு வருவாள். இந்த ஏற்பாட்டைச் சொன்னது நோயல்தான். பலகை திறக்கும்போது கூட்டத்தில் எப்போதும் யாராவது ஒருவர் பெருமூச்சு விடுகிறார்.

நோயலுக்குச் செப்டம்பரில் எங்கள் வைக்கோல் கொட்டகையில் கல்யாணம் நடந்தது. பெண் பெயர் தெரீசா, நூலகத்தில் வேலை. அவளுக்கு முடி அலங்காரம் யார் செய்வது என்று யாரும் கேட்கவே இல்லை. வில்மா தன் பழைய பெட்டியோடு வந்துவிட்டாள். எங்கே உட்காரவைப்பது என்ற கேள்வி வந்தபோது, சமையலறையில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று மாப்பிள்ளையே சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார்.

தெரீசாவை ஜன்னலுக்கு நேராக முக்காலியில் உட்காரவைத்தோம். வில்மா வாயில் கொண்டை ஊசிகளைக் கவ்விக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். நோயல் எட்டிப் பார்த்து, வெண்ணெய் கடையும் பீப்பாய்மேல் இருந்த முடி கலையாமல் அடிக்கும் ஸ்ப்ரே புட்டியைக் காட்டி, 1765-ல் இதெல்லாம் கிடையாதே என்றார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணப் பாக்கக் கூடாதுங்கற வழக்கம் அப்பவும் இருந்துச்சு. வெளிய போ கண்ணு," என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த ஊசியை எடுத்தாள்.